சர்க்கரைக்குக் காவல்

ஜூன் 4

நர்ஸம்மாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. என் தம்பி நலமாக இருக்கிறான். உன் வீட்டை விட்டு வெளியே வந்ததால் நலமாக இருக்கிறான்.

இனி எனக்குப் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். அவன் போனையும் வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சொல்ல வேண்டியதை எழுது. எழுத்தில் இருந்தால் நாளைக்கு நாக்கைப் புரட்ட முடியாது. பெண்கள் விடுதியில் வார்டனாகவே என் பாதி ஆயுள் போய்விட்டது. பையைத் திறக்கும் முன்பே உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிடுவேன். என் கண்ணில் மண்ணைத் தூவ நினைக்காதே.

உன் வீட்டில் தங்கியிருந்தபோது நான் பார்த்ததைச் சொல்கிறேன். இல்லையென்றால் இல்லை என்று சொல்.

அன்று காலை என் தம்பி சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க, எந்த மாடிக்குப் போகணும்?" என்று கேட்டான். அம்மா போனபிறகு அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் நான். என்னைப் பார்த்து யார் என்றான். நீ பதறவே இல்லை. ஒரு டம்ளரில் எதையோ கரைத்து, தலையைப் பிடித்து ஊற்றினாய். கொஞ்ச நேரத்தில், "என்னக்கா, எப்ப எழுந்தே?" என்று சிரிக்கிறான். நீயே வரவைக்கிறாய், நீயே போக வைக்கிறாய். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

அவன் விரல் நுனிகளில் ஊசி குத்திய புள்ளிகள் இருந்தன. கேட்டால், "தெரியலக்கா" என்கிறான். உன் ஃப்ரிட்ஜில் வெண்ணெய் வைக்கிற தட்டில் இன்சுலின் பாட்டில்களைப் பார்த்தேன். வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களுக்குப் போடுகிற ஊசி மருந்து என்றாய். சரி. அடுத்த நாள் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பாட்டில்களை எடுத்துப் பழைய துணிக்குள் சுற்றிக் கொண்டுபோய் எங்கோ ஒளித்தாயே, அது எதற்கு? குற்றமில்லாத கை எதை ஒளிக்கும்?

சர்க்கரை வியாதி இல்லாத ஆளுக்கு இன்சுலின் போட்டால் என்ன ஆகும் என்று விசாரித்துவிட்டேன். உன் கிளினிக் டாக்டருக்கும் ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன்.

அவன் துணிகளையும் கிரேன் ஓட்டும் உரிம அட்டையையும் அனுப்பி வை.

இப்படிக்கு,
உன் புருஷனின் அக்கா

ஜூன் 9

அண்ணிக்கு,

வணக்கம். துணிகளைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். உரிம அட்டையை அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன். கையில் கிடைத்தால் அவர் வேலைக்குப் போய்விடுவார். அவர் கிரேனில் ஏறக்கூடாது. இதில் என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

உங்கள் கடிதம் கிளினிக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தாமலே படித்துக் காட்டினார். வெளியே பெஞ்சில் நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். விசாரணை முடியும்வரை ஊசி அறைக்குள் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். இப்போது வாசல் மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கூப்பிடுகிறேன். என்னிடம் வழக்கமாக ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு பெரியவர் இன்று என்னைப் பார்த்ததும் தன் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார். உங்களுக்குத் திருப்தி என்று நினைக்கிறேன்.

டம்ளரில் கரைத்தது சர்க்கரை. வெறும் சர்க்கரை. நீங்கள் முகர்ந்து பார்த்தீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நக்கியும் பார்த்திருக்கலாம்.

விரலில் குத்தியது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. பாட்டில்களை ஒளித்ததும் நான்தான். ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன். அது அவர் சம்பந்தப்பட்டது. உங்களிடம் சொன்னால் அதை எந்தப் பக்கம் திருப்புவீர்கள் என்று எனக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து நான் வைக்கிற சாப்பாட்டில் உங்களுக்கு ஒரு கண். தம்பியைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போக ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தீர்கள், கிடைத்துவிட்டது. அவரும் ஒரு வார்த்தை பேசாமல் உங்களோடு வண்டியில் ஏறினார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அது கிடக்கட்டும். எனக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். அவர் அங்கே என்ன சாப்பிடுகிறார், எப்போதெல்லாம் சாப்பிடுகிறார்? காலையில் எழுந்ததும் எப்படி இருக்கிறார்? அவர் பாக்கெட்டில் ஏதாவது இருக்கிறதா? வெறும் வயிற்றோடு அவரைத் தூங்க விடாதீர்கள். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி மனைவி

ஜூன் 15

நர்ஸம்மாவுக்கு,

கேள்வி கேட்கும் உரிமை உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன், கேட்டு வயிறெரி.

என் தம்பி இங்கே ராஜா மாதிரி இருக்கிறான். விடுதிக்குப் பின்னால் என் குவார்ட்டர்ஸ் உனக்குத் தெரியும், தனி வாசல், ஜன்னலைத் திறந்தால் மெஸ் சமையல்கட்டு. மெஸ்ஸில் பால் காய்ந்தால் முதல் டம்ளர் அவனுக்கு. காலையில் கண் விழித்ததும் ரொட்டியும் ஜாமும். பத்து மணிக்குப் பழம். அப்புறம் சாப்பாடு, மாலையில் பிஸ்கட், படுக்கும்போது மறுபடி பால். அதுவும் போதாமல் விடியும் முன்பே எழுந்து அலமாரியைத் துழாவுகிறான். சத்தம் கேட்டு நான் போனால் திருடன் மாதிரி நிற்கிறான், வாயில் ரொட்டி. பார்க்கவே பரிதாபமாக இருக்கிறது. உன் வீட்டில் எப்படிப் பட்டினி போட்டிருந்தால் இப்படி அலைவான்? நன்றாக உடம்பு வைத்திருக்கிறான், பேன்ட் ஊக்கு மாட்டவில்லை. வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அந்த மயக்கமோ உளறலோ வரவில்லை. உன் கை எட்டாத இடத்தில் வியாதி எப்படித் தானாகப் போயிற்று? நீ படித்த படிப்பில் இதற்குப் பதில் இருந்தால் சொல்.

பாக்கெட்டைப் பற்றிக் கேட்டாயே, அதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. அவன் குளிக்கப் போனபோது பையைக் கவிழ்த்துப் போட்டேன். சர்க்கரைப் பொட்டலங்கள். டீக்கடையில் கோப்பையோடு வைப்பார்களே, அந்தச் சின்னக் காகிதப் பொட்டலம். சட்டைப் பாக்கெட்டில், காலுறைக்குள், மூக்குக் கண்ணாடிக் கூட்டில், கிரேன் கையுறையின் விரல் ஒவ்வொன்றிலும். என் விடுதிப் பெண்கள் எதை எதையோ ஒளித்து நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரையை ஒளித்து வைத்த ஆளைப் பார்த்ததில்லை. கேட்டதற்கு, "விடுக்கா, சும்மாதான்" என்றான். முகம் வெளுத்துவிட்டது.

பாக்கெட்டில் இருக்கும் என்பது உனக்கு எப்படித் தெரியும்? நீதான் பழக்கி வைத்திருக்கிறாய். ஊசியும் உன்னுடையது, மாற்று மருந்தும் உன்னுடையது. பாட்டிலை ஏன் ஒளித்தாய் என்பதற்கு இந்தமுறை பதில் வரவில்லையென்றால் அடுத்த கடிதம் உனக்கு வராது, போலீஸுக்குப் போகும்.

உன் புருஷனின் அக்கா

ஜூன் 20

அண்ணிக்கு,

சர்க்கரைப் பொட்டலம் என்று படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். எனக்கும் அது தெரியாது. இருக்குமோ என்று சந்தேகப்பட்டேன், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிறகு உங்கள் இஷ்டம்.

சில மாதங்களுக்கு முன்னால் சைட் மேற்பார்வையாளர் எனக்குப் போன் செய்தார். "இவரு குடிக்கிறாராம்மா?" என்று கேட்டார். காலையில் கிரேன் ஏணியில் ஏறிக் கேபினில் உட்கார்ந்தவர், கம்பிக் கட்டு ஒன்றை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு ஒயர்லெஸ்ஸில் சிரித்துக்கொண்டே இருந்தாராம். கீழே ஆட்கள் நின்றிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எதுவுமே நடக்காத மாதிரி இறக்கி வைத்தாராம். அன்றிலிருந்து நான் அவர் வாயை முகர்ந்தேன், பையைத் தேடினேன். நீங்கள் மட்டும்தான் தேடுகிறவர் என்று நினைக்காதீர்கள். குடி இல்லை. பிறகு வேறு யாராவது பெண்ணோ என்றும் நினைத்தேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

ஒரு விடிகாலையில் அவர் வியர்த்துக் கிடந்தபோது விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை பாதாளத்தில் இருந்தது. மறுபடி ஒருநாள் பார்த்தேன், அப்படியே. சர்க்கரை வியாதி இல்லாத ஆளுக்கு அவ்வளவு இறங்கினால் எங்கள் தொழிலில் முதலில் ஒன்றைத்தான் நினைப்போம். உங்களுக்குத் தோன்றியதுதான் எனக்கும் தோன்றியது, அண்ணி. யாரோ இன்சுலின் போடுகிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டு பேர். நான் போடவில்லை.

அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். வாழப் பிடிக்காமல். அதனால்தான் பாட்டில்களை ஒளித்தேன். கேட்டபோது என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார், தான் எதுவும் செய்யவில்லை என்று. என்னிடமும் ஒரு சத்தியம் வாங்கினார், இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று. "வெளியே தெரிஞ்சா கிரேன்ல ஏத்த மாட்டாங்க, அப்புறம் நான் எதுக்கு?" என்றார். அவர் சத்தியத்தை நான் பாதிதான் நம்பினேன். பாட்டில்களை ஒளித்த பிறகும் அது வந்தது.

இப்போது நீங்கள் எழுதியதைச் சேர்த்துப் பார்க்கிறேன். உடம்பு வைக்கிறார், விடியும் முன்பே ரொட்டி தேடுகிறார், பொட்டலம் பொட்டலமாகச் சர்க்கரை. அண்ணி, உங்கள் வீட்டில் அவருக்கு வராததற்குக் காரணம் என் கை எட்டாதது அல்ல, உங்கள் கை ஓயாதது. நீங்கள் ஊட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். இங்கே அவர் இரவு சாப்பிட்டால் மறுநாள் காலை ஏணி ஏறி இறங்கும்வரை வயிறு காலி.

கிளினிக் டாக்டர் என்னோடு பேசுவதில்லை, ஆனாலும் வழிமறித்துக் கேட்டேன். வயிற்றுக்குப் பின்னால் கணையம் இருக்கிறது. நாம் சாப்பிடும்போது இன்சுலின் சுரந்து, சாப்பிடாதபோது நிறுத்திக்கொள்ளும். அதில் சின்னதாக ஒரு கட்டி வந்து, நிறுத்தத் தெரியாமல் இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கலாம் என்றார். அபூர்வம்தான். இது வந்தவர்களில் பலரைக் குடிகாரர், பைத்தியம் என்றே முதலில் சொல்லியிருக்கிறார்களாம்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, தண்ணீர் தவிர எதுவும் கொடுக்காமல் மூன்று நாள் வரை வைத்துப் பார்ப்பார்கள். உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் செய்யலாம். நான் அந்த ஊருக்கே வர மாட்டேன். என்னை நம்ப வேண்டாம். உங்களை விடச் சந்தேகக்காரரைக் காவலுக்கு வைக்க முடியாது. நீங்களே பக்கத்தில் உட்காருங்கள்.

தம்பி மனைவி

ஜூலை 2

நர்ஸம்மாவுக்கு,

நீ சொன்ன சோதனை முடிந்தது. நேற்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். ஒன்றும் இல்லை. கட்டியும் இல்லை, கிட்டியும் இல்லை.

உன் கதையைப் படித்து ஒரு நிமிடம் எனக்கே மனம் இளகியது உண்மை. அதனால்தான் சேர்த்தேன். மூன்று நாளும் பக்கத்து ஸ்டூலை விட்டு நான் அசையவில்லை. உன் இனத்து நர்ஸுகள் வந்து வந்து குத்திவிட்டுப் போனார்கள். ஒவ்வொருத்தி கையிலும் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் தொடவிட்டேன். ஒருத்தி, "நாங்க என்னம்மா கடிக்கவா போறோம்?" என்று கேட்டாள். கேட்கட்டும்.

உன் கை படாத இடத்தில் மூன்று நாள் பட்டினி கிடந்தும் என் தம்பி கல்லு மாதிரி இருந்தான். சர்க்கரை கொஞ்சம் இறங்குமாம், அப்புறம் தானாகவே ஏறிவிடுமாம். "இப்படி ஏறி இறங்கி நான் பார்த்ததே இல்லை" என்று டாக்டரே தலையைச் சொறிந்தார். அவர்கள் போட்ட ஏசிக் குளிரில் தொண்டை வறண்டு அவனுக்கு ஒரே இருமல். நாக்கை நனைக்க என் பையிலிருந்த இருமல் மிட்டாய் தவிர ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. அப்படியும் மயங்கவில்லை, உளறவில்லை. அப்படியென்றால் இத்தனை மாதமாக அவனுக்கு வந்தது எங்கிருந்து வந்தது?

ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்ததை நகல் எடுத்து உன் டாக்டருக்கு அனுப்பியிருக்கிறேன். வக்கீல் ஒருவரிடமும் பேசிவிட்டேன். அவன் இனி அந்த வீட்டுப் படி ஏற மாட்டான். நீ கௌரவமாகப் பிரிந்து போனால் போலீஸ் வேண்டாம். அவன் முகத்துக்காக உனக்கு இந்தச் சலுகை.

உன் புருஷனின் அக்கா

ஜூலை 5

அண்ணிக்கு,

எத்தனை மிட்டாய்?

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். வக்கீல், போலீஸ் எல்லாம் பிறகு பேசலாம். எத்தனை மிட்டாய் கொடுத்தீர்கள், எப்போதெல்லாம் கொடுத்தீர்கள்? அவர் இருமியபோதா, அல்லது அவர் கண் ஒரு மாதிரி சொருகியபோதா?

இருமல் மிட்டாய் மருந்து இல்லை, சர்க்கரை. ஏறி இறங்கியது தானாக அல்ல, நீங்கள் ஏற்றினீர்கள். விடுதியில் எந்தப் பெண்ணாவது பரீட்சைக்குத் துண்டுச்சீட்டு கொண்டுபோனால் பிடித்துவிடுவீர்கள். உங்கள் தம்பிக்கு நீங்களே துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டு, அவர் தேறிவிட்டார் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

ஆஸ்பத்திரித் தாளைப் பார்த்ததும் கிளினிக்கில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் நர்ஸ் பதிவையே ரத்து செய்ய எழுதப்போகிறார்களாம். போகட்டும். எனக்கு இப்போது பயம் அதற்கில்லை. அவருக்கு ஒன்றுமில்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டீர்கள். அடுத்தமுறை அவருக்கு வரும்போது பக்கத்தில் மிட்டாய்ப் பையோடு நீங்கள் இருக்க மாட்டீர்கள். அவர் எங்கே நின்றுகொண்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்குத் தெரிந்த ஒரே வேலை ஏறுவது.

ஜூலை 16

தம்பி மனைவிக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் கிழித்தேன். பிறகு துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினேன். அது என் கோபத்தின் லட்சணம்.

நீ சொல்வது பொய் என்று நிரூபிக்க ஒரு வேலை செய்தேன். அலமாரியைப் பூட்டினேன். அவன் பொட்டலங்களையெல்லாம் மெஸ் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். "இனிமே வேளாவேளைக்குத்தான் சாப்பாடு, உடம்பு ஊதிட்டே போகுது" என்று சொன்னேன். அவன் பூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லவில்லை. இரவு சாப்பாட்டையும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை விடுதி முற்றத்தில் ஒரே கூச்சல். வெளியே வந்தால் பெண்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் தம்பி தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறி, நான்கு மாடிக்கு மேலே தொட்டியின் விளிம்பில், கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இரண்டு கையிலும் இல்லாத நெம்புகோலைப் பிடித்து இழுக்கிறான், தள்ளுகிறான். வெறும் காற்றில் கிரேன் ஓட்டுகிறான். வாட்ச்மேன் கூப்பிட்டால், "லோடு தொங்குது, கீழே நிக்காதீங்க" என்று கத்துகிறான்.

நான் ஏறினேன். இந்த உடம்போடு, முழங்கால் வலியோடு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நான் அதட்டி வளர்த்த அத்தனை பெண்களும் பார்க்க ஏறினேன். வாயில் இரண்டு மிட்டாயை அடக்கிக்கொண்டேன், கை இரண்டும் ஏணிக்கு வேண்டுமே. மேலே போய் அவன் இடுப்பைப் பிடித்தேன். "யாரும்மா நீ, கேபினுக்குள்ள வரக்கூடாது" என்றான். என் வாயிலிருந்து எடுத்து அவன் வாயில் திணித்தேன். சின்ன வயதில் மருந்து கொடுப்பேனே, அப்படி. துப்பினான். அடுத்ததைத் திணித்து வாயைப் பொத்தினேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. பிறகு கீழே குனிந்து பார்த்து, "அக்கா, இங்க எப்படி வந்தோம்?" என்று கேட்டு என் புடவையைப் பிடித்துக்கொண்டான். வாட்ச்மேன் கயிற்றோடு வந்து இறக்கினார்.

உன் கை அங்கே இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

மிட்டாயைப் பற்றிக் கேட்டாய். எண்ணவில்லை. முதலில் இருமலுக்குத்தான் கொடுத்தேன். ஒரு தடவை கொடுத்ததும் அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அப்புறம் முகம் வாடும்போதெல்லாம் கொடுத்தேன். யாரோ என் பிள்ளையைப் பட்டினி போடுகிறார்கள் என்றுதான் தோன்றியது. அது ஏன் தெளிகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. உன்னைச் சந்தேகப்படவே எனக்கு நேரம் சரியாகப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வைக்கு அவர் திட்டியிருக்கலாம். மறுபடி சோதனைக்கு நாள் கொடுத்திருக்கிறார்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, கோபித்தாலும் கேட்பேன். சர்க்கரை இறங்கினால் கட்டி என்று எப்படிச் சொல்வார்கள்? யாராவது முன்பே ஏதாவது போட்டு அனுப்பியிருந்தாலும் இறங்கும்தானே? நீ என்று சொல்லவில்லை. யாராவது.

அக்கா

ஜூலை 19

அண்ணிக்கு,

தொட்டி விளிம்பு வரை படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை. நீங்கள் ஏறியதற்கு நான் காலமெல்லாம் கடன்பட்டவள். ஆனால் கடைசிப் பத்தியில் மறுபடி பழைய வார்டன் வந்துவிட்டார். நல்லது. உங்களுக்கு இப்படித்தான் எழுத வேண்டும் என்றால் எனக்கும் பதில் சொல்ல வசதி.

அதற்கும் சோதனை இருக்கிறது. உடம்பு தானாக இன்சுலின் செய்யும்போது முதலில் ஒரு நீளச் சங்கிலியாகச் செய்து, அதிலிருந்து ஒரு துண்டை வெட்டிவிடும். இன்சுலினும் அந்தத் துண்டும் சேர்ந்தேதான் இரத்தத்தில் கலக்கும். பாட்டிலில் வரும் இன்சுலினில் அந்தத் துண்டு கிடையாது. சர்க்கரை இறங்கிய நேரத்தில் எடுத்த இரத்தத்தில் இன்சுலின் மட்டும் இருந்து துண்டு இல்லாவிட்டால், ஊசிதான். நேராகப் போலீஸுக்குப் போகலாம். துண்டும் நிறைய இருந்தால் அவர் உடம்பே செய்தது. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தாலும் துண்டு வரும் என்பதால் மாத்திரைக்கும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அந்த வழி தோன்றும் முன்பே நான் சொல்லிவிட்டேன்.

எனக்கும் இந்தச் சோதனை வேண்டும். உங்களுக்காக மட்டுமில்லை. அவர் செய்த சத்தியத்தைப் பாதிதான் நம்பினேன் என்று எழுதினேனே, இன்னும் அந்தப் பாதிதான். அந்தத் துண்டு இல்லை என்று வந்தால் என் புருஷன் என்னோடு வாழ்ந்துகொண்டே சாகப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று உங்களுக்குப் புரிகிறதா? நீங்கள் என்னைச் சந்தேகிக்கிறீர்கள். நான் அவரை.

பையை வெளியே வைத்துவிட்டு உள்ளே போங்கள். அவர் கெஞ்சுவார், திட்டுவார், அழுவார். டாக்டர் இரத்தம் எடுத்து முடிக்கும்வரை கொடுக்கக்கூடாது. உங்களால் முடியாவிட்டால் வெளியே போய்விடுங்கள். அதில் அவமானம் இல்லை.

தம்பி மனைவி

ஜூலை 28

தம்பி மனைவிக்கு,

நான் வெளியே போகவில்லை.

பையை வாசலில் நர்ஸிடம் கொடுத்தேன். நானாகவே முந்தானையை உதறிக் காட்டினேன். போனமுறை கடிக்கவா போறோம் என்று கேட்டவளும் சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. முதலில் கை நடுங்கியது. இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றான். பிறகு வியர்வை. "அக்கா, ஒரே ஒரு மிட்டாய். உன் பையில இருக்குமே" என்றான். நான் ஜன்னலைப் பார்த்தேன். "அம்மா இருந்தா கொடுத்திருப்பா" என்றான். அது அவன் பேசவில்லை, வியாதி பேசுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன. கை தானாக இடுப்பைத் தடவியது, மிட்டாய் செருகி வைக்கும் இடத்தை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் அவனுக்கு என்னைத் தெரியவில்லை. யாரையோ பார்ப்பது போல் பார்த்து, ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். என் பெயர் இல்லை. உன் பெயர்.

டாக்டர் ஓடிவந்து இரத்தம் எடுத்தார். எடுத்து முடித்த கையோடு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பக்கத்து அறையில் போய் அழுதேன். என் வாழ்நாளில் ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு இல்லை என்று நான் சொன்னதில்லை.

முடிவு நேற்று வந்தது. இன்சுலின் எக்கச்சக்கம். நீ சொன்ன துண்டும் எக்கச்சக்கம். மாத்திரை எதுவும் இல்லை. ஸ்கேனில் கணையத்தின் வால் பக்கம் ஒரு பட்டாணி அளவுக்குத் தெரிகிறதாம். பெரும்பாலும் புற்றாக இருக்காது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். பட்டாணி. அதற்காக நாம் இருவரும் இவ்வளவு எழுதியிருக்கிறோம்.

அவன் சாகப் பார்க்கவில்லை. அதை உனக்கு உடனே சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அவனிடம் கேட்டேன். காலையில் மூளை கலங்கும்போது சர்க்கரை போட்டால் சரியாகிறது என்று டீக்கடையில் தற்செயலாகக் கண்டுபிடித்தானாம். "பைத்தியம் பிடிக்குதுன்னு நினைச்சேன்க்கா. அவ நர்ஸு, தெரிஞ்சா விட்டுட்டுப் போயிடுவாளோன்னு பயம்" என்றான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒளித்திருக்கிறீர்கள். நல்ல குடித்தனம்.

உன் டாக்டருக்கு எழுதிவிட்டேன், முன்பு எழுதியது தவறு என்று. கையெழுத்தைப் பெரிதாகவே போட்டேன். அடுத்த வாரம் ஆபரேஷன். நீ வருவாயா?

அக்கா

ஆகஸ்ட் 1

அண்ணிக்கு,

அவர் சாகப் பார்க்கவில்லை என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு நன்றி.

நான் வரவில்லை. எதையும் மூடி மறைத்து எழுத எனக்கு வராது. கிளினிக்கில் என்னைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். ஊசி அறைக்கும் போகலாம். ஆனால் நான் மருந்தை ஏற்றும்போது இன்னொரு நர்ஸ் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லையாம், தானாகவே நிற்கிறாள். அந்தப் பெரியவர் கையை நீட்டுகிறார், ஆனால் கண்ணை மூடுவதில்லை. முன்பு மூடிக்கொள்வார். டாக்டருக்கு நீங்கள் எழுதிய முதல் கடிதத்தை இரண்டாவது கடிதத்தால் அழிக்க முடியாது, அண்ணி. என் கையை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

உங்கள் வாசலில் வந்து நின்றால் நீங்கள் என் பையைப் பார்ப்பீர்கள். பார்க்காமல் இருக்க முயற்சி செய்வீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். அதை என்னால் தாங்க முடியாது.

ஆபரேஷன் முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள். சாமி கும்பிடுகிறேன்.

தம்பி மனைவி

ஆகஸ்ட் 12

அம்மாடி,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிட்டார்களாம், ஒரு சீசாவில் போட்டுக் காட்டினார்கள். அதைப் பார்த்து எனக்குக் கோபம்கூட வரவில்லை. நாளை மறுநாள் வீட்டுக்கு விடுகிறார்கள். கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி கிரேனைப் பற்றி. இரண்டாவது உன்னைப் பற்றி. வரிசையை நீயே வந்து சரிசெய்.

இப்போது ஒரு புதுச் சங்கதி. இத்தனை நாள் சர்க்கரை பாதாளத்தில் கிடந்தவனுக்கு இப்போது ஏறிக்கொண்டே போகிறது. பயப்பட வேண்டாம் என்கிறார் டாக்டர். அந்தக் கட்டியே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்ததால் மீதிக் கணையம் தூங்கிவிட்டதாம். அது சோம்பல் முறித்து எழுந்துகொள்ளும்வரை, கொஞ்ச நாளைக்கு வீட்டில் இன்சுலின் ஊசி போட வேண்டும் என்றார். சரியாகக் கேட்டாயா? இன்சுலின்.

இதை டாக்டர் சொன்னபோது என் முகம் எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. "பயப்படாதீங்கம்மா, எங்க நர்ஸ் ஒருத்தரை வீட்டுக்கு அனுப்புறோம்" என்றார். வேண்டாம் என்றேன். "அப்ப யார் போடுவாங்க?" என்று கேட்டார். வார்டு முழுக்கக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"இவன் பெண்டாட்டி போடுவா. வேற யார் கையும் படக்கூடாது."

உன் பையை நான் பார்ப்பேன் என்று எழுதியிருந்தாய். பார்ப்பேன்தான், பழக்க தோஷம். ஆனால் உன் கையைப் பார்க்க மாட்டேன். நீ ஊசி போடும்போது நான் மெஸ்ஸில் இருப்பேன், கதவைச் சாத்திக்கொள்.

மருந்துப் பாட்டில்களை வாங்கிவந்து என் ஃப்ரிட்ஜில் வெண்ணெய்த் தட்டில் வைத்திருக்கிறேன். ஒளிக்கவில்லை. கதவைத் திறந்தால் கண்ணுக்கு நேரே இருக்கும்.

அக்கா